ஓடுகிற சர்வரை நிறுத்தாதீர்கள்

வாளையாறு தொடங்கி வண்டிப்பெரியாறு வரை, கேரள எல்லையில் கணினி படிக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கோவிந்தாபுரம் பக்கத்திலிருந்து பாலக்காட்டுக்கோ கோயம்புத்தூருக்கோ பஸ் ஏறிப் படிக்கிறவர்கள், மறையூர், தேவிகுளம், சூரியநெல்லி, பீர்மேடு என்று மலையிலிருந்து குட்டிக்கானத்துக்கும் பைனாவுக்கும் மூணாறுக்கும் போய் பி.சி.ஏ., பி.டெக். படிக்கிறவர்கள், உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு வரை ஐ.சி.டி. பாடப் புத்தகம் உங்களுக்குத் தமிழில் கிடைத்தது. பள்ளி லேப்டாப்பில் லினக்ஸ் ஓடியது. 'லிட்டில் கைட்ஸ்' பள்ளிக் கணினி மன்றம் 2018-ல் வந்ததால், உங்களில் பலர் ஸ்கிராச்சும் பைத்தானும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கல்லூரிக்குள் நுழைந்திருக்கிறீர்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு வாய்க்காத தொடக்கம் இது. சொல்லிக் காட்டவில்லை, நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

கல்லூரிக்கு வந்தபின் உங்கள் விரல்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. கோடில் ஒரு வரியை மாற்றுவது, டெர்மினலுக்குப் போய் கன்ட்ரோல்-சி அடித்து சர்வரைக் கொல்வது, மேல்நோக்கு அம்புக்குறியைத் தட்டிப் பழைய கட்டளையை வரவழைத்து என்டர் அடிப்பது, பிரவுசரில் மறுபடி லாகின் செய்து, மறுபடி படிவத்தை நிரப்பி, விட்ட இடத்துக்கு நடந்து வருவது. ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று யாரும் எண்ணுவதில்லை. இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இந்த மடல். நேரம் வீணாகிறது என்பது சின்னக் குறை. பெரிய குறை வேறு: ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் கொன்றுவிட்டுப் புதிதாகத் தொடங்குவதால், உங்கள் நிரலில் எது கோட், எது தரவு, எது எங்கே தங்கியிருக்கிறது என்பது உங்கள் கண்ணுக்குப் படுவதே இல்லை.

ஃபங்ஷனல் புரோகிராமிங் மொழிகள் சிலவற்றில் வேலை செய்கிறவர்களின் நாள் வேறு மாதிரி நகர்கிறது. டெவலப்மென்ட் சர்வர் காலையில் கிளம்பும். மாற்றிய மாட்யூலை மட்டும் அதற்குள் ஏற்றுவார்கள். சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குள் இருந்த இணைப்புகள், நடுவழியில் நின்ற வேலைகள், நினைவகத்தில் சேர்ந்த விவரங்கள் அப்படியே இருக்கும். அடுத்த அழைப்பு புதிய கோடுக்குப் போகும்.

'என் ஃபிளாஸ்க் சர்வரும் கோப்பைச் சேமித்ததும் தானாக மாறிக்கொள்கிறதே' என்பீர்கள். மாறிக்கொள்வதில்லை. கோப்பு மாறியதைப் பார்த்ததும் அது பழைய பிராசஸைச் சாகவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்குகிறது. நீங்கள் கையால் செய்ததை அது செய்கிறது, அவ்வளவுதான். நினைவகத்தில் ஒரு பட்டியல் வைத்திருந்தால் போய்விடும். பைத்தானில் மாட்யூலை மறுபடி ஏற்றும் வசதி தனியாக உண்டு. ஆனால் ஏற்கெனவே உருவான ஆப்ஜெக்டுகள் பழைய கிளாஸையே பிடித்துக்கொண்டிருக்கும். வேறொரு கோப்பு 'ஃப்ரம்–இம்போர்ட்' என்று இழுத்துவைத்த ஃபங்ஷன் பெயரும் பழையதையே காட்டும். பாதி புதிது, பாதி பழையது என்று நிரல் இரண்டுங்கெட்டானாக நிற்கும். தரவும் அதன் மேல் வேலை செய்யும் ஃபங்ஷன்களும் ஒரே பொருளில் பின்னிக் கிடப்பது இதற்கு ஒரு காரணம். ஃபங்ஷன்கள் ஒரு பக்கம், மாறாத தரவு மறுபக்கம் என்று பிரித்து எழுதும் மொழியில் மாட்யூலுக்குச் சொந்தமாக எந்த நிலையும் கிடையாது. அதனால் அதைக் கழற்றி மாட்டினால் தரவுக்கு வலிக்காது.

இதில் நம் வட்டாரத்துக்கு ஒரு தொடர்பு உண்டு. கஞ்சிக்கோட்டில் ஐ.டி.ஐ. தொழிற்சாலை 1976-ல் வந்தது. ஐ.டி.ஐ. என்றால் பிட்டர், வெல்டர் படிக்கிற ஐ.டி.ஐ. இல்லை, இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ். இன்று பாலக்காடு ஐ.ஐ.டி. இருப்பதும் அதே கஞ்சிக்கோட்டுப் பக்கம்தான். மின்னணு டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள் தயாரான அந்த ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் வேலை செய்த பெரியவர்கள் உங்கள் ஊரில் இன்னும் இருப்பார்கள். எக்ஸ்சேஞ்சின் முதல் விதி என்ன என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். நிற்கக் கூடாது. ராத்திரி இரண்டு மணிக்கு யாரோ ஆம்புலன்ஸுக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள், 'மென்பொருளில் ஒரு வரி மாற்ற வேண்டும், கொஞ்சம் வைத்துவிடுங்கள்' என்று சொல்ல முடியாது.

அரசுத் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட்டின் 128 இணைப்புக் கிராமப்புற எக்ஸ்சேஞ்ச் கர்நாடகத்தின் கிட்டூரில் ஓடத் தொடங்கிய அதே 1986-ல், ஸ்டாக்ஹோமில் எரிக்சன் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங் ஒரு புதிய மொழிக்கான சோதனைகளைத் தொடங்கினார். ராபர்ட் விர்டிங்கும் மைக் வில்லியம்ஸும் கூடச் சேர்ந்தார்கள். டெலிபோன் நெரிசலைக் கணக்கிட்ட டென்மார்க் கணித அறிஞர் எர்லாங்கின் பெயரை அந்த மொழிக்கு வைத்தார்கள். எக்ஸ்சேஞ்சை நிறுத்தாமல் அதன் கோடை மாற்ற வேண்டும் என்பது பின்னால் ஒட்டிய வசதி அல்ல, மொழியைப் படைத்தபோதே இருந்த நிபந்தனை. 1998-ல் எர்லாங்கில் பத்து லட்சத்துக்கும் அதிகமான வரிகள் கொண்ட தொலைத்தொடர்பு ஸ்விட்ச் ஒன்றை எரிக்சன் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு, புதிய தயாரிப்புகளில் இந்த மொழி வேண்டாம் என்று அதன் ஒரு பிரிவு முடிவும் எடுத்தது. பெரிய கம்பெனிகள் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் போலும். அந்த ஆண்டு டிசம்பரிலேயே மொழி திறந்த மூலமாக வெளியானது. பின்னர் வாட்ஸாப் சர்வர்கள் எழுதப்பட்டதும் இதில்தான். உங்கள் வகுப்பு வாட்ஸாப் குழுவில் விழும் ஒவ்வொரு 'குட் மார்னிங்'கும் எர்லாங் வழியாகத்தான் வருகிறது.

இனி கையால் செய்து பார்க்கலாம். இடுக்கிக்காரர்களுக்குப் பழக்கமான ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்: ஏலக்காய் ஏலம். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் இந்தப் பக்கம் புற்றடியிலும் மலைக்கு அந்தப் பக்கம் போடிநாயக்கனூரிலும் நடக்கிறது. அதன் உண்மையான மென்பொருளைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. நாமே ஒரு பொம்மை ஏலம் எழுதுவோம். ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு எர்லாங் பிராசஸ். அதன் கையில் மூன்றே விவரங்கள்: லாட் எண், இப்போதைய விலை, அந்த விலை சொன்னவரின் எண். அது ஒரு சுற்றில் உட்கார்ந்திருக்கும். புதிய விலை செய்தியாக வரும், பழையதை விட அதிகமா என்று பார்க்கும், அதிகமென்றால் ஏற்கும், மறுபடி சுற்றுக்குப் போய்க் காத்திருக்கும். மொத்தம் இருபது வரிகூட வராது.

எர்லாங் ஷெல்லைத் திறந்து, 'சி' என்ற ஒற்றை எழுத்துக் கட்டளையில் மாட்யூலைக் கம்பைல் செய்து ஏற்றுங்கள். மூன்று லாட்டுகளைத் தொடங்கிச் சில விலைகளை அனுப்புங்கள். லாட் 17-ல் விலை 2,450 ரூபாயில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது விதி மாறுகிறது: முந்தைய விலையை விட ஐந்து ரூபாயாவது கூடுதலாகச் சொன்னால்தான் செல்லும். கோப்பில் அந்த ஒரு வரியை மாற்றிவிட்டு, மறுபடி அதே 'சி'. லாட் 17 அதே 2,450-ல் நிற்கும். 2,452 என்று அனுப்புங்கள்.

ஏற்றுக்கொள்ளும்! புதிய விதி செல்லவில்லை. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் சலித்துப்போய்க் கன்ட்ரோல்-சி அடிப்பார்கள். அடிக்காதீர்கள், பாடமே இந்த இடத்தில்தான் இருக்கிறது.

எர்லாங்கில் மாட்யூல்களை ஏற்றுவதற்கென்றே 'கோட் சர்வர்' என்று ஒரு பிராசஸ் உண்டு. ஒரு மாட்யூலுக்கு ஒரே நேரத்தில் இரண்டு பதிப்புகளை நினைவகத்தில் அது இருக்க விடும்: நடப்பு, பழையது. புதிதாக ஏற்றியதும் அது நடப்பாகிறது, முன்பிருந்தது பழையதாகிறது. ஆனால் பழையதற்குள் நின்றுகொண்டிருக்கும் பிராசஸை யாரும் பிடித்து இழுப்பதில்லை. உங்கள் சுற்று ஃபங்ஷன் தன்னைத்தானே வெறும் பெயரால் அழைத்தால், பழைய பதிப்புக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். மாட்யூல் பெயரையும் முன்னால் சேர்த்து, 'ஏலம் மாட்யூலில் உள்ள சுற்று' என்று முழு முகவரியோடு அழைத்தால்தான் நடப்புப் பதிப்புக்குத் தாவும். எப்போது தாவுவது என்பது உங்கள் முடிவு. ஒரு விலையைச் சரிபார்க்கும்போது நடுவில் விதி மாறக் கூடாது, ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும்போது மாறலாம். அந்த எல்லைக்கோட்டை மொழி உங்களிடமே விட்டுவிடுகிறது.

முழு முகவரி போட்டுவிட்டீர்கள். புதிதாகத் தொடங்கிய லாட்டில் சோதித்தால் சரியாக வருகிறது. இனி இரண்டாவது பொறி. விலையே வராத ஒரு லாட் இருக்கிறது, யாரும் கேட்கவில்லை. நீங்கள் மாட்யூலை ஒருமுறை ஏற்றுகிறீர்கள், சின்னத் திருத்தம் செய்து உடனே இன்னொரு முறை ஏற்றுகிறீர்கள். அந்த லாட் செத்துவிடுகிறது. கோடில் பிழை எதுவும் இல்லை. ஏன் செத்தது?

செய்திக்காகக் காத்திருக்கும் பிராசஸ், தான் காத்திருக்கத் தொடங்கிய பதிப்புக்குள்ளேதான் இருக்கிறது. முதல் ஏற்றத்தில் அந்தப் பதிப்பு 'பழையது' ஆனது. இரண்டாவது ஏற்றத்துக்கு இடம் வேண்டும், இரண்டுக்கு மேல் அனுமதி இல்லை. எனவே பழையது துடைக்கப்படுகிறது, அதற்குள் இருந்த பிராசஸும் கூடவே போகிறது. இரண்டு ஏற்றங்களுக்கும் நடுவில் விலை வந்த லாட்டுகள் தாவிவிட்டதால் தப்பித்தன. சும்மா இருந்தது மாட்டிக்கொண்டது. இதைப் புத்தகத்தில் படித்தால் மனசில் நிற்காது. உங்கள் கண் முன்னால் ஒரு லாட் காணாமல் போனால் நிற்கும்.

எர்லாங்காரர்கள் 'ஜென் சர்வர்' என்ற ஆயத்தச் சட்டகத்தை ஏன் விடாமல் பயன்படுத்துகிறார்கள் என்பதும் அப்போது புரியும். அதில் காத்திருப்பது உங்கள் மாட்யூல் இல்லை, மொழியோடு வருகிற நூலகத்தின் மாட்யூல். செய்தி வந்தால் மட்டும் அது உங்கள் மாட்யூலை முழு முகவரியோடு கூப்பிட்டு, வேலை முடிந்ததும் தன்னிடம் திரும்பிவிடும். அதனால் நீங்கள் பத்து முறை ஏற்றினாலும் காத்திருக்கிற பிராசஸ் சாகாது. பாடத்தில் ஜென் சர்வரை முதலிலேயே கொடுத்து, 'இப்படித்தான் எழுத வேண்டும்' என்றால் அது ஒரு சடங்காகத்தான் தெரியும். பொம்மை ஏலத்தில் ஒரு லாட்டைப் பறிகொடுத்துவிட்டு அதற்கு வாருங்கள்.

மூன்றாவது பொறிதான் பெரியது. லாட்டின் எடையையும் சேர்த்து வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. மூன்று விவரம் இருந்த இடத்தில் நான்கு. புதிய கோட் நான்கை எதிர்பார்க்கிறது, ஓடிக்கொண்டிருக்கும் லாட்டின் கையில் மூன்றுதான் இருக்கிறது. அடுத்த விலை வந்ததும் பொருந்தாமல் விழும். கோடை மாற்றினீர்கள், ஏற்கெனவே உயிரோடு இருக்கும் தரவின் வடிவத்தை யார் மாற்றுவது? ரீஸ்டார்ட் பழக்கத்தில் இந்தக் கேள்வி எழவே எழாது, ஏனென்றால் பழைய தரவு செத்துவிடுகிறது. ஆனால் வேலைக்குப் போனபின் முதல் வாரத்திலேயே இது வேறு வேடத்தில் வரும். டேட்டாபேஸில் பழைய வடிவத்தில் கிடக்கும் ஆயிரக்கணக்கான வரிசைகளாக வரும், பழைய ஆப்பை இன்னும் அப்டேட் செய்யாத வாடிக்கையாளராக வரும். எனவே பொம்மை ஏலத்திலேயே தீர்த்துப் பாருங்கள். மூன்று விவரம் வந்தால் நான்காவதைப் பூஜ்ஜியமாகச் சேர்த்துக்கொள் என்று ஒரு வரியை முதலில் எழுதி ஏற்றுங்கள். எல்லா லாட்டுகளும் ஒருமுறை சுழன்று நான்குக்கு மாறியபின் அந்த வரியை எடுத்துவிடலாம். ஜென் சர்வரில் இதற்கென்றே 'கோட் சேஞ்ச்' என்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் ஷெல்லில் சாதாரணமாக ஏற்றும்போது அது அழைக்கப்படாது. பிராசஸை இடைநிறுத்தி, நிலையை மாற்றி, மறுபடி விட வேண்டும், அதற்கான கட்டளைகள் 'சிஸ்' மாட்யூலில் உள்ளன.

போகிற போக்கில் ஒன்று. பெயரில்லாத ஃபங்ஷனை, கமிஷன் கணக்கிடும் சூத்திரத்தை என்று வையுங்கள், தரவோடு சேர்த்து வைக்காதீர்கள். அது தான் பிறந்த பதிப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பதிப்பு துடைக்கப்பட்டபின் கூப்பிட்டால் பிழைதான் வரும். இன்னொன்று, தமிழில் எழுதுகிறவர்களுக்கு: மாட்யூல் பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்திலேயே வையுங்கள், தமிழ் எடுக்காது. ஏலதாரர் பெயரைத் தமிழில் அச்சிட்டால் ஷெல் எண்களாகக் கொட்டும். ஷெல்லைத் தொடங்கும்போதே 'பிளஸ் பிசி யூனிகோட்' என்று சேர்த்தால் சரியாகும்.

எர்லாங்கின் எழுத்து முறை பிடிக்காதவர்களுக்கு எலிக்சிர் என்ற மொழி இருக்கிறது. அடியில் ஓடும் எந்திரம் அதேதான். அதன் பீனிக்ஸ் சட்டகம் டெவலப்மென்ட் நிலையில் ஒவ்வொரு கோரிக்கை வரும்போதும் மாறிய கோப்புகள் உண்டா என்று பார்த்து, உண்டென்றால் கம்பைல் செய்து ஏற்றிக்கொள்ளும். வசதிதான். ஆனால் மேலே சொன்ன பொறிகளெல்லாம் கம்பளத்துக்கு அடியில் போய்விடும். கான்ஃபிக் கோப்பை மாற்றிவிட்டு 'ஏன் மாறவில்லை' என்று அரை நாள் உட்கார்ந்திருப்பவர்கள், எது ஏற்றப்படுகிறது, எது தொடக்கத்தில் மட்டும் படிக்கப்படுகிறது என்ற வேறுபாட்டைக் கற்காதவர்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே முதலில் எர்லாங் ஷெல் என்கிறேன்.

ஹாஸ்கெல் என்ற இன்னொரு ஃபங்ஷனல் மொழிக்கு வேறு குணம். சென்னை சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகத்தில் அதைக் கற்பிக்கிறார்கள். மாதவன் முகுந்தும் எஸ்.பி. சுரேஷும் நடத்திய பாடம் என்.பி.டெல். தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, மூணாறில் நெட் வரும் நேரம் பார்த்து இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஹாஸ்கெலின் ஊடாட்டச் சூழலான 'ஜி.எச்.சி.ஐ.'-யில் 'லோட்' என்றால் ஒரு மாட்யூலையும் அது சார்ந்திருக்கும் மற்றவற்றையும் ஏற்றும், 'ரீலோட்' என்றால் மாறியவற்றையும் அவற்றை நம்பியிருப்பவற்றையும் மட்டும். வகைகள் பொருந்தாவிட்டால் ஏற்றவே ஏற்றாது, வாசலிலேயே நிறுத்திவிடும். ஆனால் ரீலோட் செய்ததும், நீங்கள் அங்கே பெயரிட்டு வைத்திருந்த மதிப்புகள் எல்லாம் போய்விடும்.

இதில் வலை சர்வர் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேடிக்கையான தொல்லை. சர்வரைப் பின்னணியில் ஒரு த்ரெட்டாக ஓடவிட்டு ரீலோட் செய்தால், பெயர்கள் போய்விடும், த்ரெட் போகாது. அது பழைய கோடோடு 3000 போர்ட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நிறுத்தலாம் என்றால் அதன் பிடி உங்கள் கையில் இல்லை, பெயரோடு அதுவும் போயிற்று. புதியதைத் தொடங்கினால் 'முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில்' என்று வரும். ஹாஸ்கெலின் வலைச் சட்டகமான யெசோத்தின் ஆயத்த வார்ப்பில் 'டெவல்மெயின்' என்று ஒரு கோப்பு வருகிறது, அது இதற்கான வைத்தியம். ஓடும் சர்வரின் பிடியை, ரீலோட் தொட முடியாத ஓரிடத்தில், 'ஃபாரின் ஸ்டோர்' என்ற நூலகத்தின் துணையோடு வைத்துவிடுகிறது. அடுத்த முறை அங்கிருந்து எடுத்து, பழையதை நிறுத்தி, அது நின்றதை உறுதி செய்துகொண்டு, புதியதைத் தொடங்குகிறது. அந்தக் கோப்பைத் திறந்து வரி வரியாகப் படியுங்கள். ஆனால் அந்த இடத்தில் அதிகம் எதையும் போட்டுவைக்காதீர்கள். ஒரு வகையில் போட்டுவிட்டு, வகையின் வடிவத்தை மாற்றி, திரும்ப எடுத்தால், அத்தனை கறாரான ஹாஸ்கெலும் அங்கே உங்களைக் காப்பாற்றாது. நிரலே கவிழும்.

குளோஜர் மொழிக்காரர்களின் தலைவலி இன்னொரு வகை. கோப்பிலிருந்து ஒரு ஃபங்ஷனை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாலும், ஓடும் சூழலில் அது உயிரோடு இருக்கும். வேறு எங்கோ அதைக் கூப்பிடும் வரி வேலை செய்துகொண்டே இருக்கும். மறுநாள் காலையில் புதிதாகத் தொடங்கும்போதுதான் குட்டு உடையும்.

அதனால் தலைப்பை அப்படியே எடுத்துக்கொண்டு வாரக்கணக்கில் ஒரே சர்வரை ஓட்டாதீர்கள். ஓடும் சூழலும் கோப்புகளும் மெல்ல மெல்ல விலகிப் போகும். கிட்டில் சேமித்து நண்பருக்கோ ஆசிரியருக்கோ அனுப்பும் முன் ஒருமுறை முழுவதும் நிறுத்தி, சுத்தமாகத் தொடங்கி, சோதனைகளை ஓட்டிப் பாருங்கள். 'என் லேப்டாப்பில் வேலை செய்தது சார்' என்ற வசனத்தின் பாதி இந்த விலகலிலிருந்து பிறப்பது.

ஒரு மறுப்பையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்கள் சீனியர் சொல்வார்: 'இப்போது யார் ஓடுகிற சர்வரில் கோட் ஏற்றுகிறார்கள்? எல்லாம் கன்டெய்னர்.' பெரும்பாலும் உண்மை. இன்று உற்பத்திச் சூழலில், எர்லாங் கடைகளில்கூட, பலர் செய்வது வேறு. மூலமற்றம் நீர்மின் நிலையத்தில் 130 மெகாவாட் யூனிட்கள் ஆறு இருக்கின்றன. ஒன்றைப் பராமரிப்புக்கு நிறுத்தினால் மற்றவை சுழலும். அதுபோல சர்வர்களை ஒவ்வொன்றாக ஓரங்கட்டி, அந்த இடத்தில் புதியதை வைக்கிறார்கள். அது நல்ல முறை, பாதுகாப்பானதும்கூட. நான் பேசுவது உங்கள் மேசை மேல் இருக்கும் டெவலப்மென்ட் சர்வரைப் பற்றி. அங்கே யூனிட் ஒன்றுதான். தவிர, ஒவ்வொன்றாக மாற்றும் அந்த முறையிலும் சில நிமிடங்களுக்குப் பழைய கோடும் புதிய கோடும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும், இரண்டும் ஒரே டேட்டாபேஸைத் தொடும். மூன்று விவரம், நான்கு விவரம் பிரச்சினை அங்கேயும் உங்களுக்காகக் காத்திருக்கும். பொம்மை ஏலத்தில் அதைச் சந்தித்தவர்களுக்கு அது பழைய நண்பன்.

வேலை கிடைக்குமா என்ற கேள்வி வீட்டில் எழும், எழ வேண்டியதுதான். பெங்களூரில் ஜஸ்பே ஹாஸ்கெலில் பணப் பரிமாற்ற மென்பொருள் எழுதுகிறது. அங்கேயே தொடங்கிய ஹசுராவின் கிராஃப்-கியூ-எல் எஞ்சினும் ஹாஸ்கெலில்தான் உருவானது. ஆனாலும் இத்தகைய இடங்கள் ஜாவாவுக்கும் பைத்தானுக்கும் இருப்பதில் ஒரு சிறு பங்குதான். எர்லாங் தெரிந்தால் வேலை வரும் என்று உங்களிடம் யாராவது கோர்ஸ் விற்க வந்தால் பணம் கட்டாதீர்கள். எல்லாமே இலவசம்: உபுண்டுவின் களஞ்சியத்திலேயே எர்லாங்கும் ஹாஸ்கெலும் கிடைக்கும், ஒருமுறை நிறுவிவிட்டால் அதற்குப்பின் நெட் தேவையில்லை. ஆவணங்களையும் இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனி ஆடி மழையில் மின்சாரமும் டவரும் ஒன்றாகப் போகும் ஊரில் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை, அவர்களும் இதைப் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில். லேப் தேர்வில் 'வெளியீடு வந்ததா' என்று மட்டும் பார்க்கிறீர்கள். ஒரே ஒரு மாணவரிடமாவது, ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் ஒரு விதியை நிறுத்தாமல் மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். ரிக்கார்டு நோட்டில் எழுதிவைத்த கோடை மனப்பாடம் செய்தவர் யார், புரிந்தவர் யார் என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஹாஸ்டல் வைஃபையில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இயங்கும் சர்வருக்குள் கோட் ஏற்ற முடியும் என்றால், அந்தக் கதவைத் தட்டத் தெரிந்த எவரும் ஏற்ற முடியும். எர்லாங் கணினிகள் ஒன்றையொன்று 'குக்கி' என்ற ஒரு ரகசியச் சொல்லால் அடையாளம் காண்கின்றன. அது பொருந்தினால் எதிரில் இருப்பவர் உங்கள் லேப்டாப்பில் எதையும் ஓட்டலாம். குளோஜரின் ஊடாட்டச் சூழலான ரெப்பிளின் போர்ட்டுக்கு அந்தச் சொல்கூடக் கிடையாது. உங்கள் கணினிக்குள்ளிருந்து மட்டும் இணைக்கும்படி வையுங்கள். குக்கியை வாட்ஸாப் குழுவில் போடாதீர்கள்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். இரண்டு பேர், இரண்டு லேப்டாப், ஒரு கேபிள் அல்லது போன் ஹாட்ஸ்பாட். ஒன்றுக்குப் புற்றடி என்றும் மற்றதற்குப் போடி என்றும் பெயர் வையுங்கள், ஒரே குக்கியைக் கொடுத்து இணையுங்கள். ஏல லாட்டுகள் புற்றடியில் இருக்கட்டும், விலைகள் போடியிலிருந்தும் வரட்டும். எர்லாங் ஷெல்லில் 'என்.எல்.' என்று ஒரு கட்டளை உண்டு, மாட்யூலை இணைந்திருக்கும் எல்லாக் கணினிகளிலும் ஏற்றும். லாட்டுகள் திறந்திருக்கும்போதே அதை ஓட்டி விதியை மாற்றுங்கள். இரண்டு லேப்டாப்பும் ஒரே நொடியில் மாறாது. போடியில் பழைய விதிப்படி சரிபார்த்து அனுப்பிய 2,452, புதிய விதி ஏறிவிட்ட புற்றடிக்கு வந்து நிற்கும் கணம் ஒன்று உண்டு. அந்த விலையை ஏற்பதா, திருப்புவதா, திருப்பினால் கேட்டவருக்கு என்ன பதில் சொல்வது, இதை உங்கள் கோட் எந்த வரியில் முடிவு செய்கிறது? விடையைக் கோடாக எழுதி, ஏற்றி, ஓட்டிப் பார்த்துவிட்டு உங்கள் வகுப்பில் சண்டை போட்டுக்கொள்ளுங்கள். ஒரே விடை கிடையாது.

அன்புடன்,
சித்தூர்ப் பக்கத்துக்காரன் ஒருவன்